உருக்குமுன் உருக்காட்டும் கணினி

பாட்டியாரின் பழைய காப்பை உருக்கிப் பேத்திக்கு மோதிரம் செய்விக்க எண்ணும் வீட்டில் இரண்டு கேள்விகள் எழும். புதிய நகை எப்படியிருக்கும்? எத்தனை கிராம் பிடிக்கும்? உருக்கிய காப்பு மீண்டு வராதாகையால், இவற்றுக்கு முன்கூட்டியே விடை தெரிதல் நலம். நகைத் தொழிலாளருக்கென அமைந்த கணினி மென்பொருள்கள் அவ்விடையைத் தருகின்றன.

இவற்றின் பூர்வீகம் நகைக்கடையன்று; மோட்டார்த் தொழிற்சாலை! 1960ஆம் ஆண்டுகளில் பிரான்சின் ரெனோ நிறுவனத்துப் பொறியியலாளர் பியர் பெசியே, கார்களின் வளைந்த உடலைக் கணிதத்தால் வரையும் முறையொன்றை வகுத்தார். அவ்வழி வந்த கணிதமே இன்று மோதிரத்தின் வளைவையும் வரைகிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து மக்னீல் நிறுவனம் 1998இல் வெளியிட்ட தன் மென்பொருளுக்குக் காண்டாமிருகத்தின் பெயரையே சூட்டியது: 'ரைனோசரஸ்'. மெல்லிய மூக்குத்தி வரைவதற்கு இப்பெயரா என்று நாம் நகைக்கலாம். ஆயினும் நகைகளுக்கென விசேடமாக அமைந்த 'மேட்ரிக்ஸ்கோல்ட்' இதன்மீதே இயங்குகிறது.

திரையில் மோதிரம் முடிந்ததும் அதன் கனவளவை மென்பொருள் கணக்கிடும். 0.4 கன சென்ரிமீற்றர் என வைத்துக்கொள்வோம். 18 கரட் பொன்னாயின் ஏறத்தாழ 6.2 கிராம், 22 கரட் பொன்னாயின் 7 கிராமளவு, அதாவது ஒரு பவுணுக்குச் சற்றுக் குறைவு, வெள்ளியாயின் 4 கிராமளவே. பின்னர் அவ்வுரு மெழுகிலோ பிசினிலோ அச்சாகிச் சாந்துக்குள் புதைக்கப்படும். சூளையில் அது எரிந்து மறைய, விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருகிய பொன் பாயும். சோழர்காலச் செப்புத் திருமேனிகளை வார்த்த சிற்பிகள் கையாண்டதும் மெழுகை உருக்கி அகற்றும் இவ்வழியே.

ஆனால், திரையிற் பழகும் இளைஞர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அங்கே மோதிரம் வண்டிச் சில்லளவு பெரிதாகத் தோன்றும். கல்லைப் பிடிக்கும் கால்கள் தூண்களெனத் தெரியும். அளந்து பார்த்தால் அரை மில்லிமீற்றரும் இரா. வார்த்தபின் அரமும் மெருகும் பட்டு அவை மேலும் தேயும். ஒருநாள் கல் உதிரும். பொன் ஆறும்போது சுருங்குவதையும் வரைபவர் முன்னறிந்து அளவைக் கூட்டிவைக்க வேண்டும். இவ்வறிவு பட்டறையில் அரம் பிடித்த கைக்கே எளிதில் வாய்க்கும். ஆகவேதான் பத்தரின் பிள்ளை கணினி பயில்வதை நாம் பெரிதும் விரும்புகிறோம். கணினி பயின்றவர் சில மாதமேனும் பட்டறையில் அமர்வதையும் அவ்வாறே விரும்புகிறோம்.

நகை செய்விப்போரும் திரையிற் காட்டும் அழகில் மயங்கிவிடாது, கால்களின் தடிப்பு எத்தனை மில்லிமீற்றர் என்றும், சொல்லப்படும் நிறை மெருகிடுமுன் உள்ளதா, பின் உள்ளதா என்றும் கேட்கத் தயங்கவேண்டாம்.