எட்டாத தூரத்தில் மருந்து, எட்டும் தூரத்தில் ஆள்

கிராமப்புறத் தற்கொலை முயற்சிகளில் பல, நாள்கணக்கில் திட்டமிட்டு நடப்பவை அல்ல. குடித்துவிட்டு வந்த கணவனோடு சண்டை, கடன் கொடுத்தவர் தெருவில் நின்று கேட்ட கேள்வி, தேர்வு முடிவு, காதலைக் கண்டித்த அப்பாவின் ஒரு சொல் என ஏதோ ஒன்றில் மனம் கொதித்து, சில மணி நேரத்தில், சில சமயம் சில நிமிடங்களில் எடுக்கப்படும் முடிவு அது. அதற்கும் பின்னால் கவனிக்கப்படாத மனச்சோர்வோ குடிப்பழக்கமோ தீராத நோயோ இருக்கலாம். ஆனால் அந்தக் கொதிப்பு நெடுநேரம் நிற்பதில்லை. அதைத் தாண்டி உயிர் பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிற்பாடு தற்கொலையால் இறப்பதும் இல்லை. கிராமத்தின் சிக்கல் வேறு: பூச்சிமருந்து வீட்டுக்குள் இருக்கிறது, ஆஸ்பத்திரி தொலைவில் இருக்கிறது.

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் இந்தத் தூரக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். 1986-இல் சென்னையில் ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் இந்த முயற்சிக்குத் தலைமை வகித்தார். இரண்டு கிராமங்களில் பூச்சிமருந்துக்கென்று பொதுக் கிடங்கு கட்டப்பட்டது. உள்ளே வங்கி லாக்கர் போலத் தனித்தனிப் பெட்டிகள். ஒரு சாவி விவசாயியிடம், இன்னொன்று கிடங்குப் பொறுப்பாளரிடம். தெளிப்பு நாளில் வந்து எடுத்துக்கொண்டு, மீதியைத் திரும்ப வைத்துவிட்டுப் போகலாம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வேறு இரண்டு கிராமங்கள் கிடங்கு இல்லாமல் விடப்பட்டன. விவசாயிகள் கிடங்கை ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் கிராமங்களில் பூச்சிமருந்துத் தற்கொலைகளும் குறைந்தன. 2013-இல் முடிவுகள் வெளியாயின. ஆய்வு சிறியதுதான், அதை வைத்து நாட்டுக்கே விடை சொல்லிவிட முடியாது. ஆனாலும் உரமூட்டைக்குப் பக்கத்தில் கிடந்த பாட்டிலைத் தெருக்கோடிக்கு அனுப்ப முடியும் என்பதை அது காட்டியது.

இதற்கு நேர்மாறான பாடம் இலங்கையிலிருந்து வந்தது. அனுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களில் நடந்த பெரிய ஆய்வில், பாதி ஊர்களில் வீட்டுக்கு ஒரு பூட்டுப்பெட்டி கொடுத்தார்கள். 2017-இல் வெளிவந்த முடிவு, பெட்டியால் பலன் கிடைத்ததற்கு ஆதாரம் இல்லை என்றது. பெட்டியும் சாவியும் ஒரே வீட்டில் இருந்தால் அது வெறும் அலமாரிதான். இலங்கையில் உண்மையில் வேலை செய்தது அரசின் தடை. 1995-இல் அங்கே ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை இருந்தது. உலகிலேயே மிக அதிக விகிதங்களில் ஒன்று. கொடிய நச்சுள்ள மருந்துகளை 1980-களிலிருந்து ஒவ்வொன்றாகச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். 1995-க்குப் பிந்தைய 20 ஆண்டுகளில் விகிதம் சுமார் 70 விழுக்காடு சரிந்தது. நெல் விளைச்சல் குறையவில்லை. தற்கொலைத் தடுப்பில் இவ்வளவு உயிரைக் காத்த வேறொரு நடவடிக்கையைக் காட்டுவது கடினம்.

மருந்தைத் தள்ளி வைப்பது பாதி வேலை. ஆளைப் பக்கத்தில் வைப்பது மறுபாதி. மகாராஷ்டிரத்தின் விதர்பாவில், அமராவதி மாவட்டத்தின் 30 கிராமங்களில் ‘விஷ்ராம்’ என்ற திட்டம் இதைச் செய்து பார்த்தது. உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். அவர்களால் கையாள முடியாத நிலையில் இருந்தவர்கள் ஆலோசகரிடமும், பிறகு மனநல மருத்துவரிடமும் போனார்கள். திட்டத்துக்கு முன் மனச்சோர்வு உள்ளவர்களில் 100-க்கு 4 பேர்தான் உதவி தேடினார்கள். பின்னர் அது 27 ஆனது. தற்கொலை எண்ணம் இருப்பதாகச் சொன்னவர்களின் விகிதமும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

ஊர்க்காரர் தேவைப்படுவதற்குக் காரணம் பேச்சுதான். ‘மனச்சோர்வு’ என்று கிராமத்தில் யாரும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ‘தூக்கமே வரல’, ‘நெஞ்சு படபடங்குது’, ‘உடம்பெல்லாம் அசதி’, ‘எதுலயும் மனசு ஒட்டல’ என்றுதான் வரும். சிலர் செய்வினை என்று கோயிலுக்கோ தர்காவுக்கோ போவார்கள். ‘இனிமே நான் யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன்’ என்பதும், மாட்டையும் நகையையும் திடீரென்று அடுத்தவர் பொறுப்பில் விடுவதும் கவனிக்க வேண்டியவை. கிராம சுகாதார செவிலியரும், மகளிர் குழுத் தலைவியும், பள்ளி ஆசிரியரும் இதைக் காதில் வாங்கினால் அடுத்து என்ன கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும். நேராகவே கேட்கலாம்: ‘செத்துடலாம்னு தோணுதா?’ கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது என்பது பல ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. கேட்டபின் புத்தி சொல்லக் கூடாது. பேச விட வேண்டும், ஆளைத் தனியே விடக் கூடாது, அன்றைக்கே வீட்டிலுள்ள மருந்தை அப்புறப்படுத்த வேண்டும்.

பெரும்பாலோர் மீண்டுவிட்டாலும், மற்றவர்களோடு ஒப்பிட்டால் ஒருமுறை முயன்று பிழைத்தவர்தான் மிகுந்த ஆபத்தில் இருப்பவர். அவரைத்தான் ஊர் சீக்கிரம் மறக்கிறது. சென்னை, கொழும்பு உட்பட 5 நாடுகளின் 5 நகரங்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வில், சிகிச்சை முடிந்து போகிறவர்களிடம் சுமார் ஒரு மணி நேரம் பேசி, அடுத்த 18 மாதங்களில் 9 முறை தொடர்புகொண்டு நலம் விசாரித்தார்கள். அப்படி விசாரிக்கப்பட்டவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 0.2 விழுக்காடு, மற்றவர்களில் 2.2. பெரிய செலவில்லாத வேலை. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகச் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொண்டு போகிறவர்கள் இந்த வீட்டுக்கும் ஒரு நடை போய்வர முடியும்.

‘போலீஸ் கேஸாகிவிடும்’ என்ற பயத்தில், தவறிப்போய்க் குடித்துவிட்டதாகச் சொல்லும் குடும்பங்கள் இன்னும் உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. இதைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதி வைத்தால்கூடப் பயன் உண்டு.

மருத்துவர் கிராமத்துக்கு வருவதும் நடக்காத காரியம் அல்ல. சென்னையின் ‘ஸ்கார்ஃப்’ நிறுவனம் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தையே ஆலோசனை அறையாக்கி, திரை வழியே மனநல மருத்துவரைப் பேச வைத்தது. மாத்திரையும் அங்கேயே கொடுத்தது.

அவசரத்துக்கு, 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ இருக்கிறது. எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104-ஐயும், சிநேகாவின் 044-24640050-ஐயும் அழைக்கலாம். இலங்கையில் அழைக்க வேண்டிய எண் 1926.