இஸ்திரிப் பெட்டிக்குள் நீர் புகுந்த கதை

சில ஆண்டுகளுக்கு முன் வளைகுடா நாடொன்றில் பணிபுரிந்து ஊர் திரும்பிய அன்பர் ஒருவர், நமது பங்கு இல்லத்திற்கு நீராவி இஸ்திரிப் பெட்டி ஒன்றை அன்பளிப்பாகக் கொணர்ந்தார். பளபளக்கும் அடித்தகடு, அதிலே வரிசை வரிசையாய்த் துளைகள், மேலே நீர் ஊற்றுவதற்கு ஒரு சிறு வாய். இல்லத்தின் ஆழ்துளைக் கிணற்று நீரை அதில் ஊற்றி நாமும் மகிழ்வுடன் பயன்படுத்தி வந்தோம். நான்கைந்து திங்கள் குறையின்றி ஓடியது. பின்னர்த் திருவிழா நாளொன்றின் காலையில், வெள்ளை அங்கியின் மார்புப் பகுதியை அழுத்திக் கொண்டிருந்தபோது, பெட்டி இருமுவதுபோல் ஒலித்துப் பழுப்பு நிறச் சாற்றைக் கக்கியது. கோயிலில் முதல் மணி அடித்துவிட்டது.

திருவுடைகளைத் துவைத்துப் பராமரிக்கும் அம்மையார் அங்கியையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "சாமி, பெட்டி அழுவுது. அங்கியக் குடுங்க, நான் கரிப்பெட்டியில போட்டுத் தர்றேன்" என்று கூறி வாங்கிச் சென்றார். கறையை நீரில் அலசி, விரல்களால் தண்ணீர் தெளித்து, கால் மணிப் பொழுதில் மடிப்புக் குலையாமல் கொண்டு வந்து தந்தார்.

அம்மையாரின் விரல்கள் எளிதாகச் செய்த அந்தத் தெளிப்பு வேலையை, இவ்வளவு விலை பெற்ற பொறி ஏன் செய்யத் தவறியது? இவ்வினா நம்மை விட்டு அகலவில்லை. தேடிப் படித்தபோது அறிந்தவற்றையே இங்கு நமது குடும்பங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்க அறிஞர்கள் பட்ட பாட்டைவிட, அதற்குள் நீரை இருத்தப் பட்ட பாடே பெரிதென்பது நமக்குப் புதிய செய்தியாக இருந்தது.

துணிக்கு நீர் எதற்கு என்பதை முதலில் காண்போம். பருத்தி நூலிழை செல்லுலோஸ் என்னும் நீண்ட சங்கிலிகளால் ஆனது. அச்சங்கிலிகள் ஒன்றையொன்று மென்மையான பிணைப்புகளால் பற்றிக்கொண்டிருக்கின்றன. துணி கசங்கிய நிலையில் உலரும்போது, கசங்கிய வடிவத்திலேயே அப்பிணைப்புகள் உறுதிப்படுகின்றன. அதுவே சுருக்கம். நீர் இழைக்குள் புகும்போது பிணைப்புகள் நெகிழ்கின்றன. சங்கிலிகள் இடம் மாற இசைகின்றன. அந்நேரத்தில் அழுத்தி, சூட்டினால் நீரை வெளியேற்றிவிட்டால், நேரான வடிவத்திலேயே அவை மீண்டும் பற்றிக்கொள்கின்றன. ஆகவே சூடு செய்யும் பணியில் பாதி, நீர் முன்னதாகச் செய்துவைத்த பணியை முடித்துவைப்பதே. நன்கு உலர்ந்த துணியை எவ்வளவு சூட்டில் தேய்த்தாலும் சுருக்கம் முழுவதும் போகாமல் இருப்பதை நம் தாய்மார் அறிவர்.

அமெரிக்க நாட்டு இல்லங்களிலும் இவ்வறிவு இருந்தது. அங்கே திங்கட்கிழமை துவைப்பு நாள். செவ்வாய்க்கிழமை இஸ்திரி நாள். உலர்ந்த துணிகளின்மீது நீர் தெளித்து, சுருட்டிக் கூடையில் அடுக்கி, ஈரம் எங்கும் பரவுமாறு வைத்திருந்து தேய்ப்பார்கள். சோடாப் புட்டியின் வாயில் துளையிட்ட மூடியைப் பொருத்தித் தெளிப்பதும் அவர்களிடையே பரவலாயிருந்த வழக்கம்.

தேய்க்கும் கருவியோ கடும் சுமை. அடுப்பின்மேல் காயவைத்த இரும்புக் கட்டியே இஸ்திரிப் பெட்டி. ஆங்கிலத்தில் அதற்கு 'சாட் அயர்ன்' என்று பெயர். துயரம் தரும் இரும்பு என்று நாம் பொருள் கொண்டால் தவறன்று போலத் தோன்றும். ஆயினும் அச்சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் கனமானது, திண்மையானது என்பதே பொருள். ஒன்று ஆறும்போது மற்றொன்று அடுப்பில் காயும். பிடியும் இரும்பாகையால், கந்தைத் துணியைச் சுற்றிப் பிடித்தாலும் உள்ளங்கை கன்றிப்போகும். அயோவா மாநிலத்தின் ஒட்டும்வா நகரில் வாழ்ந்த மேரி புளோரன்ஸ் பாட்ஸ் என்னும் இளம்பெண், இருபது வயதை ஒட்டிய பருவத்தில் இதற்கு ஒரு வழி கண்டார். கழற்றி மாட்டத்தக்க மரப்பிடி ஒன்றை அமைத்து 1871-இல் காப்புரிமை பெற்றார். பிடி ஒன்று, இரும்புகள் மூன்று. அடுப்பில் இரும்பு காயும்; பிடி குளிர்ந்தே இருக்கும். முன்னும் பின்னும் கூர்முனை வைத்ததும் அவரே. அடுப்படியில் நின்று கை சுட்டுக்கொண்டவரின் அறிவு இது என்று நமக்குத் தோன்றுகிறது.

மின்சார இஸ்திரிப் பெட்டிக்கு நியூயார்க் நகரத்து ஹென்றி சீலி 1882 சூன் 6-ஆம் நாள் காப்புரிமை பெற்றார். அந்நகருக்கு மின்சாரம் வழங்கிய எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் தொடங்கியதோ அவ்வாண்டு செப்டம்பர் 4-ஆம் நாள்! பெட்டி பிறந்த மூன்று திங்களுக்குப் பின்னரே அதற்கு உணவூட்டும் நிலையம் பிறந்தது. அதன் பிறகும் பல ஊர்களில் மின்நிலையங்கள் விளக்கேற்றும் நேரத்தில் மட்டுமே இயங்கின. கலிபோர்னியாவின் ஒண்டாரியோ என்னும் ஊரில் மின்நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய எர்ல் ரிச்சர்ட்சன், 1900-களின் தொடக்கத்தில், செவ்வாய்க்கிழமைகளில் பகலிலும் மின்சாரம் தருமாறு நிலையத்தாரை இணங்கச் செய்தார் என்பது இவ்வரலாற்றின் சுவையான பகுதி. தாம் செய்த பெட்டிகளை வீடுகளுக்குக் கொடுத்துக் கருத்துக் கேட்டார். நடுவில் சூடு மிகுதி, முனையில் குறைவு என்றனர் இல்லத்தரசியர். பொத்தானைச் சுற்றியும் கொசுவங்களிலும் தேய்ப்பது முனையாலன்றோ? முனை நன்கு சுடும் பெட்டியை அவர் செய்தார். 'ஹாட்பாயிண்ட்' என்னும் பெயர் 1905-இல் இவ்வாறு எழுந்தது. சூட்டின் சிக்கல் இவ்வளவில் பெரிதும் தீர்ந்தது எனலாம். சூட்டைத் தானே அளந்து மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட் 1920-களில் வந்து சேர்ந்தது.

ஆனால் தெளிக்கும் கை இன்னும் ஓயவில்லை. தையற்கூடங்களில் தனிக் கொதிகலனிலிருந்து குழாய் வழியே நீராவி செலுத்தும் இஸ்திரிகள் இருந்தன. அவை வீட்டுக்கு உதவா. வீட்டுக்கென நீராவிப் பெட்டியை 1926-இல் நியூயார்க்கின் எல்டெக் என்னும் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்தது. விலை 10 டாலர். சாதாரண மின்பெட்டி அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. இலவசமாகத் தெளிக்கக் கை இருக்க, அதற்கெனக் கூடுதல் பணம் ஏன் என்று குடும்பங்கள் எண்ணின போலும்; அது பரவவில்லை. இல்லத்தரசியின் உழைப்புக்கு எவரும் விலை போடாதபோது, அவ்வுழைப்பைக் குறைக்கும் கருவி எப்போதும் விலை மிகுந்ததாகவே தோன்றும். பின்னர் 1938-இல் ஸ்டீம்-ஓ-மாட்டிக் என்னும் பெட்டி வந்த பிறகே நீராவி இஸ்திரி இல்லங்களில் கால் ஊன்றலாயிற்று.

அத்தொடக்கக் காலப் பெட்டிகளின் அமைப்பில் இரு வழிகள் தோன்றின. ஒன்று கெண்டி வழி. பெட்டிக்குள் உள்ள நீர் முழுவதையும் கொதிக்க வைத்து, எழும் ஆவியை அடித்தகட்டின் துளைகளுக்குச் செலுத்துவது. எளிய அமைப்புத்தான். ஆயினும் நீர் கொதிக்கும்வரை காத்திருக்க வேண்டும். கொதித்தபின் நிறுத்த நினைத்தாலும் ஆவி உடனே நில்லாது. பெட்டியைச் சாய்த்தால் ஆவிக்குப் பதிலாகக் கொதிநீரே துளை வழியே தெறிக்கும். நீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேல் விரிவதால், மூடியைத் திறக்கும் கைக்கு இடர் உண்டு. ஆவியின் சூடு எத்தகையது என்பதையும் இங்கே சொல்லிவிடுவோம். கொதிநீர் ஒரு கிராம் கையில் பட்டு உடல் வெப்பத்தின் அளவுக்கு ஆறும்போது ஏறத்தாழ 60 கலோரி வெப்பத்தைத் தரும். ஆவி ஒரு கிராம் பட்டாலோ, நீராக மாறும்போதே 540 கலோரியைக் கொட்டிவிட்டு, அதன்பின் அந்த 60-ஐயும் தரும். துணியின் உள்ளிழைவரை சூடு சென்று சேர்வதும் இதனால்தான். விரல் வெந்துபோவதும் இதனால்தான்.

மற்றது சொட்டு வழி. நீர் மேலே ஒரு கலத்தில் கொதிக்காமல் இருக்கும். குமிழைத் திருகினால் ஊசித்துளை ஒன்றின் வழியே சொட்டுச் சொட்டாகக் கீழே, சுடும் தகட்டிலுள்ள சிறு அறையில் விழும். விழுந்த நொடியில் ஆவியாகும். திருகை மூடினால் ஆவி நிற்கும். உலர்ந்த பெட்டியாகவும் பயன்படும். உள்ளே அழுத்தம் சேர்வதில்லை. இன்று நம் வீடுகளில் உள்ள நீராவிப் பெட்டிகளிற் பெரும்பாலானவை இவ்வழியில் வந்தவையே.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் தோசைக்கல்லை நினைத்துப் பாருங்கள். கல் போதிய அளவு காயாதபோது தண்ணீர் தெளித்தால், அது வழிந்து நிற்கும். சரியாகக் காய்ந்தால் 'சொய்' என்று ஆவியாகும். அளவுக்கு மீறிக் காய்ந்தாலோ, துளிகள் முத்துப்போல் உருண்டு கல்லின்மேல் ஓடுகின்றனவே, கண்டதில்லையா? துளியின் அடிப்பகுதி மட்டும் நொடியில் ஆவியாகி மெத்தைபோல் துளியைத் தாங்கிக்கொள்கிறது; எனவே துளி தகட்டைத் தொடுவதில்லை. லைடன்ஃபிராஸ்ட் என்னும் செர்மானிய மருத்துவர் 1756-இல் இதை விரிவாக எழுதினார். பருத்திக்கு வேண்டிய சூடு 200 பாகை செல்சியசை ஒட்டியது. அச்சூட்டில் துளிகள் உருண்டோடித் துளைவழி துணியிலே விழுந்துவிடும். பட்டுக்கென வைத்த குறைந்த சூட்டிலோ, நீர் ஆவியாகாமலே கசியும். மிகுந்தாலும் குறைந்தாலும் துணியில் நீர்த்துளிதான்! இதனால் தெர்மோஸ்டாட் இன்றிச் சொட்டு வழி நடைபெறாது. ஆவியறையின் உட்புறத்தில் துளி உருளாமல் பரவி நிற்கும்படி ஒரு பூச்சும் இடப்படுகிறது. விரல் நுனியின் தெளிப்பைப் பொறியாக்க இத்தனை நுணுக்கம் வேண்டியிருந்தது.

போருக்காக 1942 முதல் அமெரிக்காவில் வீட்டு மின்கருவிகளின் உற்பத்தி தடைப்பட்டது. போர் முடிந்தபின் நீராவிப் பெட்டி விரைந்து பரவியதற்குச் செயற்கை இழைகளும் ஒரு காரணம். நைலான் 1938-இல் அறிவிக்கப்பட்டது; டெரிலின் 1941-இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. நம் வீடுகளிலும் ஒரு காலத்தில் டெரிகாட்டன் சட்டை பெருமைக்குரியதாய் இருந்ததை மூத்தோர் மறந்திரார். இவ்விழைகள் பருத்திபோல் கருகுவதற்கு முன்பே இளகிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். குறைந்த சூடும் சீரான ஈரமும் அவற்றுக்குத் தேவைப்பட்டன.

வேலை குறைந்ததா என்று கேட்டால், விடை அவ்வளவு எளிதன்று. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியை 1983-இல் 'மோர் வொர்க் ஃபார் மதர்' என்னும் நூலை வெளியிட்டார். பெயரே அவர் கருத்தைக் கூறுகிறது: தாய்க்கு மேலும் வேலை. கருவிகள் வந்தபோது, வெளியே சலவைக்குச் சென்ற துணிகளும் வீட்டுக்கே திரும்பின. தூய்மையின் அளவுகோலும் உயர்ந்தது. கை சுடுவது நின்றது, உண்மை. நிற்கும் நேரம் அவ்வாறு குறையவில்லை. நமது குடும்பங்களில் இஸ்திரி மேசையின் முன் நிற்பவர் யார் என்று தந்தையரும் மைந்தரும் சற்றே எண்ணிப் பார்க்கலாம். பெட்டி இப்போது எவரும் தூக்கத்தக்க எடைதான்.

இனி நமது அங்கியைப் பாழாக்கிய பெட்டிக்கு வருவோம். குற்றம் பெட்டியினுடையதன்று, நம்முடையதே. ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகள் மிகுதி. நீர் ஆவியாகிச் செல்லும், உப்பு செல்லாது. சோறு வடிக்கும் பாத்திரத்தின் உட்புறத்தில் வெள்ளையாய்ப் படிவதைப் போல, ஊசித்துளையிலும் ஆவியறையிலும் அது படியும். பின்பு துருவும் அழுக்கும் சேர்ந்து ஒருநாள் வெளியே வரும். தொடக்கக் காலத்தில் சொட்டு வழிப் பெட்டிகளுடன் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுமாறு அறிவுரை வழங்கப்பட்டதன் காரணம் இதுவே. கொதிக்கவைத்து ஆறிய நீர் அதற்கு ஈடாகாது. கொதிக்கும்போது சுண்ணாம்பில் ஒரு பகுதி படியுமேயன்றி மற்ற உப்புகள் நீரிலேயே தங்கிவிடும். மின்கலங்களுக்கு ஊற்றும் வடிநீர் கடைகளில் கிடைக்கிறது. வடிகட்டிச் சேமித்த மழைநீரும் உப்புக் குறைந்ததே. வேலை முடிந்ததும் கலத்திலுள்ள நீரைக் கொட்டிவிட வேண்டும். நீர் ஊற்றும் முன் மின்செருகியைக் கழற்ற வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குத் தவறாமல் சொல்லுங்கள்.

நாம் வினிகரையும் நீரையும் சமமாகக் கலந்து ஊற்றி, பழைய துணியின்மீது ஆவியாய் வெளியேறச் செய்து, பின் நல்ல நீரால் இருமுறை அலசினோம். சில பெட்டிகளுக்கு வினிகர் ஆகாதென்பதால், உடன் வந்த குறிப்பேட்டைப் பார்த்துச் செய்வது நலம். துளைகளில் மூன்று இன்னும் அடைந்தே கிடக்கின்றன. மற்றவை இயங்குகின்றன. அம்மையார் அதனைத் தொடுவதில்லை. அங்கிகள் இன்றும் அவரது கரிப்பெட்டிக்கே செல்கின்றன.