வானிலிருந்து கடலுக்கு இறங்கும் உலோகத் தூசு

வெயில் காலத்தில் கொடியில் உலர்த்திய வெள்ளைச் சட்டையை மாலையில் எடுத்துப் பாருங்கள். மெல்லிய கருமை படிந்திருக்கும். பல நாள் கழித்து மழை பெய்தால், தகரக் கூரையிலிருந்து பீப்பாயில் விழும் முதல் தண்ணீர் கலங்கலாக வரும். இந்த அழுக்கில் மண்ணும் கரியும் மட்டுமா இருக்கின்றன? இல்லை. கண்ணுக்குத் தெரியாத அளவில் இரும்பு, ஈயம், செம்பு, துத்தநாகம் ஆகியவையும் கலந்திருக்கின்றன. நம் முற்றத்தில் விழுவதுபோலவே மலாக்கா நீரிணையிலும் இது விழுகிறது. எப்படி என்பதை இன்று பார்ப்போம்.

உலோகம் கனமானதாயிற்றே, அது எப்படிக் காற்றில் பறக்கும் என்று கேட்பீர்கள். மண்வெட்டி பறக்காது; ஆனால் அதைத் தீட்டும்போது உதிரும் பொடி பறக்கும். காற்று வாரிச் செல்லும் புழுதியிலும், காட்டுத்தீயின் சாம்பலிலும், எரிமலைப் புகையிலும் உலோகம் உண்டு. இவை இயற்கை தருபவை. நிலக்கரிப் புகை, உலோகம் உருக்கும் உலை, வாகனப் புகை, தேயும் பிரேக்கு ஆகியவை மனிதன் சேர்த்தவை.

பெரிய துகள் விரைவில் விழுந்துவிடும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். தண்ணீரின் கனமுள்ள 10 மைக்ரான் துகள் ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து தன் எடையால் இறங்க ஏறக்குறைய 4 நாள் ஆகும். ஒரு மைக்ரான் துகளுக்கோ ஓராண்டுக்கு அருகில் ஆகும்! அதற்குள் காற்று அதை நாடு கடத்திவிடும்.

அவ்வளவு காலம் அது மிதப்பதில்லை. மழை அதைப் பிடித்துவிடுகிறது. மேகத்தின் நீர்த்துளிகள் இத்தகைய துகள்களைக் கருவாகக் கொண்டே உருவாகின்றன. விழும் துளியும் வழியிலுள்ள தூசைக் கூட்டித் தள்ளிக்கொண்டு வருகிறது. ஆகையால் நுண்ணிய தூசு பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் மழையோடு இறங்கிவிடும். பெருமழைக்குப் பின் ஜாசின் பக்கத்துக் குன்றுகள் தெளிவாகத் தெரிவது இதனால்தான்.

கடலில் விழுந்ததும் என்ன ஆகிறது? ஒரு பகுதி நீரில் கரைகிறது. மற்றது நுண்ணுயிர்களின் கழிவோடு ஒட்டி அடியில் படிகிறது. 1960-களில் அமெரிக்க அறிவியலாளர் கிளேர் பேட்டர்சனும் அவருடைய துணைவர்களும் கடல்நீரில் ஈயத்தை அளந்தார்கள். ஆழத்தைவிட மேற்பரப்பில் ஈயம் மிகுதியாக இருந்தது. அப்படியென்றால் புதிய ஈயம் மேலிருந்து வருகிறது. பெட்ரோலில் கலந்த ஈயமே அதற்குப் பெருங்காரணம் என்று அவர் காட்டினார். நாடுகள் ஒவ்வொன்றாக அதை நிறுத்தின. கடைசியாக 2021-இல் அல்ஜீரியா நிறுத்தியது. அட்லாண்டிக் கடலின் மேற்பரப்பிலும் ஈயம் குறைந்தது. நாம் நிறுத்தினால் கடல் தேறும் என்பதற்கு இது சான்று.

நமக்கு அருகிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1997-இல் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் காடுகள் எரிந்து, நம்மைப் புகைமூட்டம் சூழ்ந்தது. அதே ஆண்டு சுமத்ராவுக்கு மேற்கே மென்தாவாய்த் தீவுகளில் பவளப்பாறைகள் பெருமளவில் மடிந்தன. புகையிலிருந்து விழுந்த இரும்பு கடற்பாசிகளுக்கு உரமாகி, அவை அளவுமீறிப் பெருகிக் கடல் செந்நிறமானதே காரணம் என்று 2003-இல் ஓர் ஆய்வு கூறியது. இதை வினவியோரும் உண்டு. எனினும் வயலுக்கு உரம் மிஞ்சினால் பயிர் கெடுவதுபோல் கடலுக்கும் ஆகலாம் என்பதை நாம் உணர வேண்டும். 2013 ஜூனில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700-ஐத் தாண்டி அவசர நிலை அறிவிக்கப்பட்டதே, அந்தப் புகையிலும் ஒரு பங்கு இந்த நீரிணையில்தான் இறங்கியிருக்கும்.

பாதரசம் இன்னும் தந்திரமானது. ஆவியாக உலகையே சுற்றிவந்து கடலில் இறங்கும். அங்கே நுண்ணுயிர்கள் அதைக் கொடிய நஞ்சாக மாற்றும். சிறுமீனைப் பெருமீன் தின்னத் தின்ன அந்த நஞ்சு கூடும். இதற்காக மீனை விலக்க வேண்டாம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் சுறா போன்ற பெரிய மீனைத் தவிர்த்து, கெம்போங், நெத்திலி போன்றவற்றை உண்பது நல்லது.

இறுதியாக, நம் கையில் உள்ளதைச் சொல்வோம். சில இடங்களில் பையன்கள் பழைய மின்கம்பிகளை எரித்துச் செம்பை எடுத்து விற்கிறார்கள். பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுப்பவர்களும் உண்டு. கிடைப்பது சில வெள்ளிதான். அந்தப் புகை கடலுக்குப் போகும் முன், அதே லயத்துக் கீரைப் பாத்தியிலும் தண்ணீர்ப் பீப்பாயிலும் குழந்தையின் மூச்சிலும் இறங்குகிறது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைத் தடுக்கும். வகுப்பில் பின்தங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று நாம் ஏசிக்கொண்டிருப்போம்!

ஆகவே கம்பியையும் பேட்டரியையும் சாயம் பூசிய பலகையையும் எரிக்காதீர்கள். பேட்டரியை உடைக்காமல் முழுதாகவே கடையில் கொடுங்கள். நெடுநாள் கழித்துப் பெய்யும் மழையின் முதல் தண்ணீரை வழிந்தோட விட்டுப் பிறகு பிடியுங்கள். மேலே போனது கீழே வந்தே தீரும். அது எங்கே வரும் என்று எண்ணிப் பார்த்துவிட்டே நெருப்பை மூட்டுவோம்.