ஒரு கணமும் பத்தாண்டும்

கணவனின் கொடுமை தாங்காமல் அவனைக் கொன்ற பெண்ணிடம் சட்டம் ஒரு கணத்தைப் பற்றியே கேட்கிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளை நீதிமன்றத்தில் யார் சொல்வது?

இங்கிலாந்தில் கிரண்ஜித் அலுவாலியா, பத்தாண்டு அடி உதைக்குப் பின், 1989இல் உறங்கிக்கொண்டிருந்த கணவனுக்குத் தீ வைத்தார். கணவன் இறந்தார், இவருக்கு ஆயுள் தண்டனை. சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் பெண்கள் இவருக்காக இயக்கம் நடத்தினர். 1992 மேல்முறையீட்டில் ஆத்திரமூட்டல் வாதம் தோற்றது. ஆனால் இவருடைய கடும் மனச்சோர்வுக்கான மருத்துவச் சான்று முதல் விசாரணையில் வைக்கப்படவேயில்லை என்பது வெளிவந்தது. தண்டனை ரத்தானது, அவ்வாண்டே விடுதலையானார். பின்பு, 2009ஆம் ஆண்டுச் சட்டம் 'திடீர்' என்ற நிபந்தனையையே அங்கு நீக்கியது.

இங்கோ பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 'கடுமையான, திடீர்' ஆத்திரமூட்டல் என்றே இருக்கிறது. ஆயினும் 1989லேயே சென்னை உயர்நீதிமன்றம், நல்லதங்காள் கதையைச் சுட்டி, நாள்பட மூட்டப்படும் ஆத்திரத்தையும் ஏற்றது. அந்த வாசல் திறந்தே இருக்கிறது. அதில் நுழைய ஆவணம் வேண்டும்.

புகாரை வாங்காமல் விரட்டப்பட்ட சேரிப் பெண்ணிடம் ரசீதுகூட இருக்காது. ஆகவே மருத்துவமனைச் சீட்டு, அண்டை வீட்டார் சாட்சியம், சிறை மனு அனைத்தையும் நாம்தான் திரட்ட வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு பட்டியல் சாதியினருக்கும், பெண்களுக்கும், காவலில் உள்ளோருக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞரைத் தருகிறது. சிறையிலிருக்கும் தலித் பெண்ணுக்கு அந்த உரிமை மூன்று வழியிலும் உண்டு. அவள் கேட்கும்வரை காத்திராமல் நாம் போய்ச் சொல்வோம்.