மகிழுந்தில் படியும் வெண்புள்ளிகள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. மேரு வட்டாரக் குடியிருப்புப் பகுதி ஒன்றில், வீட்டு வாசலில் நிற்கும் மகிழுந்தைக் குடும்பத்தினர் ஒன்றுகூடிக் கழுவுகின்றனர். சவர்க்கார நுரை போட்டுத் தேய்த்து, நீரைப் பாய்ச்சிக் கழுவியதும் வண்டி பளபளக்கிறது. ஆனால், அரை மணி நேரம் வெயிலில் நின்றபின் பார்த்தால், கறுப்பு நிற மேற்பரப்பெங்கும் வட்ட வட்டமாக வெண்புள்ளிகள்! “நன்றாகத்தானே கழுவினோம்?” என்ற கேள்வி எழுகிறது. அழுக்கு போன இடத்தில் இந்தப் புள்ளிகள் எங்கிருந்து வந்தன?

இதற்கான விடையைப் பத்துமலையிலேயே காணலாம். தைப்பூசத்தன்று 272 படிகளை ஏறிக் குகைக்குள் சென்றோர், மேற்கூரையிலிருந்து தொங்கும் கல் விழுதுகளைக் கண்டிருப்பர். பத்துமலை சுண்ணாம்புக் கற்களால் ஆன குன்று. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரிவளியைக் கரைத்துக்கொண்டு சற்று அமிலத்தன்மை பெறுகிறது. அந்நீர் பாறை இடுக்குகளில் கசியும்போது சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. குகையின் கூரையில் துளியாகத் தொங்கும்போது கரிவளி வெளியேறுகிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகப் படிகிறது. பல்லாயிரம் ஆண்டுகளில் குகைக்குள் நிகழும் இச்செயலின் சிறு வடிவமே நம் மகிழுந்தின் மீது அரை மணி நேரத்தில் நிகழ்கிறது. துளியிலுள்ள நீர் ஆவியாகிவிடும். அதில் கரைந்திருந்த கனிமங்கள் ஆவியாகா. அவையே வெண்புள்ளிகளாக எஞ்சுகின்றன.

கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் மிகுதியாகக் கரைந்துள்ள நீரைக் கடின நீர் என்கிறோம். ஒரு லிட்டர் நீரில் இவற்றின் அளவு, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிடும்போது, 60 மில்லிகிராமுக்கும் குறைவாக இருந்தால் அது மென்னீர். 120 மில்லிகிராமைத் தாண்டினால் கடின நீர். 180 மில்லிகிராமைத் தாண்டினால் மிகக் கடின நீர். கடின நீரைக் குடிப்பதால் பொதுவாகத் தீங்கில்லை. ஆனால், அதில் சவர்க்காரம் எளிதில் நுரைக்காது. சவர்க்காரம் கால்சியத்துடன் சேர்ந்து, நீரில் கரையாத வெண்ணிறக் கசடாகத் திரிந்துவிடும். கொதிகெண்டியின் அடியில் படியும் வெள்ளைப் படலமும் கடின நீரின் அடையாளமே.

அப்படியானால் மேருவில் வரும் குழாய்நீர் கடின நீரா? கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்நீரில் பெரும்பகுதி சிலாங்கூர் ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கப்படுவது. மழையால் பெருகி ஓடும் ஆற்றுநீரில் கனிமங்கள் பொதுவாகக் குறைவு. சுண்ணாம்புக் குன்றுகள் சூழ்ந்த ஈப்போ, கிந்தா பள்ளத்தாக்கின் நிலத்தடி நீரோடு இதனை ஒப்பிட முடியாது. எனினும், எந்தக் குழாய்நீரும் முற்றிலும் கனிமமற்றது அன்று. ஆகவே, குழாய்நீர் மென்மையானதாக இருந்தாலும், சுடும் இரும்புத் தகட்டின்மேல் அதனைக் காயவிட்டால் புள்ளி விழவே செய்யும். இங்கு நாம் முதலில் திருத்திக்கொள்ள வேண்டியது நீரை அன்று, கழுவும் முறையை.

நீர்த்தடைக் காலத்தில் நிலைமை வேறு. 1998ஆம் ஆண்டு வறட்சியின்போதும், 2020 செப்டம்பரில் ஆறு மாசுபட்டுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டபோதும், கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் வாளிகளுடன் காத்திருந்தனர். அத்தகைய நாள்களில் கிணற்று நீரையோ ஆழ்குழாய் நீரையோ நாடுவோர் உண்டு. நிலத்தடி நீரில் கனிமங்கள் கூடுதலாக இருக்கலாம். கடலோரச் சமவெளிகளின் நிலத்தடி நீரில் இரும்புச் சத்தும் கலந்திருப்பதுண்டு. அது பழுப்புக் கறையை விட்டுச்செல்லும்.

நீரின் தன்மையை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். மூடியுள்ள இரண்டு தெளிந்த போத்தல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மழைநீரையும் மற்றொன்றில் சோதிக்க வேண்டிய நீரையும் ஒரே அளவில் பாதிவரை நிரப்புங்கள். இரண்டிலும் சில துளி சவர்க்காரக் கரைசலை விட்டு நன்கு குலுக்குங்கள். மழைநீரில் நுரை பொங்கி நிற்கும். மற்றதில் நுரை குறைந்து, நீர் பால்போல் கலங்கினால் அது கடின நீர்.

வெண்புள்ளி விழாமல் தடுக்கும் வழிகள் எளியவை. காலை எட்டு மணிக்கு முன்போ மாலையிலோ, நிழலில், வண்டி ஆறிய பின்னரே கழுவ வேண்டும். மேற்கூரையில் தொடங்கி, பகுதி பகுதியாகக் கழுவிக் கீழே வர வேண்டும். மகிழுந்துக்கென விற்கப்படும் கழுவுநீர்மம் கடின நீரிலும் ஓரளவு நுரைக்கும். சாதாரண சவர்க்காரத்தைப்போல் கசடாகாது. எல்லாவற்றிற்கும் மேலாக, நீர் தானாகக் காயும்வரை காத்திராமல், மென்மையான துணியால் உடனே ஒற்றி எடுக்க வேண்டும். துளி இல்லையேல் புள்ளியும் இல்லை.

ஏற்கெனவே படிந்த புள்ளிகளை என்ன செய்வது? வினிகரில் உள்ள அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். வினிகரையும் நீரையும் சம அளவில் கலந்து, துணியில் நனைத்து, ஆறிய மேற்பரப்பில் மெதுவாகத் துடைத்து, உடனே நல்ல நீரால் கழுவிவிட வேண்டும். வினிகரைக் குளோரின் கலந்த வெளுப்பானுடன் ஒருபோதும் சேர்க்கக்கூடாது. நச்சு வாயு உண்டாகும். பாத்திரம் தேய்க்கும் சொரசொரப்பான நாரும் வேண்டாம். அது புள்ளியோடு சாயத்தையும் சுரண்டிவிடும். பல மாதம் விட்டுவைத்த புள்ளிகள் சாயத்தின் மேற்பூச்சையே அரித்துவிடும். பிறகு அவற்றைத் துடைத்து அகற்ற இயலாது.

மகிழுந்து கழுவுவதற்கு ஏற்ற மென்னீரை வானமே நமக்குத் தருகிறது. 50 சதுர மீட்டர் கூரையின்மேல் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் விழுகிறது. அதில் பாதியைச் சேமித்தாலும் பல வாரங்களுக்கு வண்டியைக் கழுவலாம். கூரையின் தூசியைக் கழுவிவரும் முதல் நீரை விட்டுவிட்டு, பின்னர் வருவதைச் சேகரிக்க வேண்டும். தொட்டியை இறுக மூடுவது கட்டாயம். இல்லையேல் ஏடிஸ் கொசு முட்டையிட்டு டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும்.

நிமிடத்திற்குப் பத்து லிட்டர் பாயும் குழாயை இருபது நிமிடம் திறந்துவைத்தால் 200 லிட்டர் சுத்திகரிக்கப்பட்ட நீர் கால்வாயில் கலக்கிறது. அதே வேலையை வாளியில் பிடித்த சில பத்து லிட்டர் நீரில் முடிக்கலாம். வண்டியில் புள்ளி விழாமல் காக்கும் அதே கவனம், நாளை குழாய் வறண்டுபோகாமலும் காக்கும்.