முதியோர் இல்லத்தில் கொடுமை: அடையாளம் காண்பது எப்படி? சட்ட உதவிக்கு எங்கே செல்வது?

புதுடெல்லி: டெல்லியை ஒட்டிய நொய்டாவின் 55ஆவது செக்டாரில் இயங்கிவந்த முதியோர் இல்லம் ஒன்றில், 2025 ஜூன் மாத இறுதியில் உத்தரப் பிரதேச மகளிர் ஆணையமும் காவல் துறையும் சமூக நலத் துறையும் கூட்டாகச் சோதனை நடத்தின. மூதாட்டி ஒருவரின் கைகள் கட்டப்பட்டிருந்த காணொலி வெளியானதே சோதனைக்குக் காரணமானது. பூட்டிய அறைகளில் தூய்மையற்ற நிலையில் இருந்த 39 முதியோர் கண்டறியப்பட்டதாக அதிகாரிகள் தெரிவித்தனர்.

அங்கிருந்தவர்கள் அனைவரும் ஆதரவற்றவர்கள் அல்லர். சேர்க்கையின்போது 2.5 லட்சம் ரூபாய் நன்கொடையும், மாதந்தோறும் 6,000 ரூபாயும் பெறப்பட்டதாகச் செய்திகள் வெளியாயின. கட்டணம் செலுத்துவது மட்டுமே பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

கொடுமை என்பது எது?

உடலளவில் தாக்குதல், மனரீதியான துன்புறுத்தல், பாலியல் துன்புறுத்தல், பணத்தை அபகரித்தல், தேவையான பராமரிப்பை அளிக்காமல் புறக்கணித்தல் ஆகிய அனைத்தையும் உலக சுகாதார நிறுவனம் முதியோர் கொடுமை என்றே வகைப்படுத்துகிறது. பல நாடுகளில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து அந்நிறுவனம் வெளியிட்ட தகவலின்படி, பராமரிப்பு இல்லங்களின் பணியாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், முந்தைய ஓராண்டில் ஏதேனும் ஒரு வகைக் கொடுமையில் ஈடுபட்டதாகத் தாங்களே ஒப்புக்கொண்டுள்ளனர்.

பாதிக்கப்பட்டவர் புகார் அளிக்கத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. யார் மீது புகார் சொல்ல வேண்டுமோ, அவர் கையால்தான் அடுத்த வேளை உணவும் மருந்தும் வர வேண்டியுள்ளது. எனவே வெளியில் இருந்து சென்று பார்ப்பவரின் கவனம் இன்றியமையாததாகிறது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• இரு மணிக்கட்டுகளிலோ கணுக்கால்களிலோ கட்டியதைப் போன்ற தழும்புகள்.

• இடுப்பு, முதுகு, குதிகால் பகுதிகளில் படுக்கைப் புண்கள். நெடுநேரம் புரட்டிப் படுக்க வைக்காததால் இவை உண்டாகின்றன.

• குறுகிய காலத்தில் உடல் எடை குறைதல், உலர்ந்த உதடுகள், அழுக்கான உடை, நீண்ட நேரம் மாற்றப்படாத டயப்பர்.

• மருத்துவர் எழுதித் தராத மருந்துகள், பகல் முழுவதும் நீடிக்கும் அரைமயக்க நிலை.

• பணியாளர் அருகில் வந்தால் பேச்சை நிறுத்திவிடுதல், தனியாகச் சந்திக்க அனுமதி மறுக்கப்படுதல், தொலைபேசியில் பேச விடாமல் தடுத்தல்.

• வங்கிக் கணக்கு, ஓய்வூதியம், உயில் ஆகியவற்றில் விளக்கமில்லாத மாற்றங்கள்.

இவற்றுள் ஒன்றை மட்டும் கண்டு முடிவுக்கு வரலாகாது. முதுமையில் தோல் மெலிந்துவிடுவதாலும், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை உட்கொள்வதாலும் சிறு உராய்விலும் கன்றிப்போகும். காயத்துக்கு இல்லம் தரும் விளக்கம் பொருந்துகிறதா, ஆளுக்கு ஆள் மாறுகிறதா, அதே காயம் மீண்டும் மீண்டும் ஏற்படுகிறதா என்பதே முக்கியம்.

தீர்ப்பாயம் எதற்கு உரியது?

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் கீழ் அமைந்த தீர்ப்பாயத்தையே பலரும் முதலில் நாடுகின்றனர். ஆனால் அத்தீர்ப்பாயம், பிள்ளைகள் அல்லது வாரிசுதாரரான உறவினர்களிடமிருந்து பராமரிப்புத் தொகை பெற்றுத் தருவதற்கும், பராமரிப்பார்கள் என்ற நிபந்தனையுடன் எழுதிக் கொடுத்த சொத்தை மீட்பதற்கும் உரியது. முதியோர் இல்லத்தின் மீதான குற்றப் புகாரை விசாரிக்கும் இடம் அதுவன்று.

எனினும் அச்சட்டத்தின் 22ஆவது பிரிவு, மூத்த குடிமக்களின் உயிரையும் உடைமையையும் பாதுகாப்பதற்கான விரிவான செயல்திட்டத்தை மாநில அரசு வகுக்க வேண்டும் என்கிறது. ஆகவே இல்லம் குறித்த எழுத்துப்பூர்வப் புகாரை மாவட்ட ஆட்சியருக்கும் சமூக நலத் துறைக்கும் அனுப்பலாம். பராமரிப்பு இல்லங்களைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகப்படுத்தப்பட்டது. 2024இல் அவை கலைக்கப்படும்வரை அது நிறைவேறவில்லை.

காவல் துறையில் புகார்

பூட்டி வைத்தலும் கட்டி வைத்தலும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 127ஆவது பிரிவின்படி சட்டவிரோதமாக அடைத்துவைத்த குற்றமாகலாம். இது நீதிமன்ற ஆணையின்றியே காவல் துறை வழக்குப் பதியக்கூடிய குற்றமாகும். பத்து நாள்கள் அல்லது அதற்கு மேல் அடைத்துவைத்தது நிரூபிக்கப்பட்டால், ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம்.

அதிகம் அறியப்படாத 357ஆவது பிரிவும் உண்டு. நோயாலோ உடல் தளர்ச்சியாலோ செயலற்றுப்போன ஒருவரைப் பராமரிப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டவர், வேண்டுமென்றே அதனைச் செய்யத் தவறினால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இதுவும் சாதாரணக் காயம் விளைவித்தலும் நடுவரின் உத்தரவு பெற்றே காவல் துறை புலனாய்வு செய்யக்கூடியவை. ஆகவே புகாரில் அடைத்துவைத்தல் நடந்திருந்தால் அதனைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.

டெல்லியில் வசிக்கும் பிள்ளைகள், நொய்டாவிலோ குருகிராமிலோ உள்ள இல்லத்தில் பெற்றோரைச் சேர்த்திருப்பது இயல்பு. இல்லம் வேறு மாநில எல்லைக்குள் இருப்பதாகக் கூறிக் காவல் நிலையம் புகாரை மறுக்க முடியாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு, குற்றம் எங்கு நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வழிவகுக்கிறது. அதே சட்டத்தின் 100ஆவது பிரிவின்கீழ், அடைத்துவைக்கப்பட்டிருப்பவரைத் தேடி மீட்க நடுவர் ஆணையிடலாம்.

உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்வதும் ஒரு வழியாகும். விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் இருந்த அன்பு ஜோதி ஆசிரமத்தின் நிலை 2023இல் வெளிவந்தது இத்தகைய மனுவால்தான். அங்குச் சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை எனச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடரப்பட்ட வழக்கின் விளைவாக, அங்கிருந்து 140க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர்.

இழப்பீடு பெற முடியுமா?

கட்டணம் பெற்றுக்கொண்டு வழங்கப்படும் பராமரிப்பு ஒரு சேவை என்பதால், அதில் குறைபாடு இருப்பின் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு அளிக்க வேண்டும்.

உடனடியாகச் செய்ய வேண்டியவை

உயிருக்கு ஆபத்து இருந்தால் ஆதாரம் திரட்டக் காத்திருக்காமல் 112 எண்ணை அழைக்க வேண்டும். முதியவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, காயங்களை எம்.எல்.சி. எனப்படும் மருத்துவ-சட்டப் பதிவாகப் பதியச் செய்வது வழக்குக்கு வலுச்சேர்க்கும். காயங்களைத் தேதியுடன் படம் எடுத்தல், சேர்க்கை ஒப்பந்தம், கட்டண ரசீதுகள், மருந்துச் சீட்டுகளைப் பாதுகாத்தல், முதியவர் கூறியதை அவர் சொற்களிலேயே குறித்துவைத்தல் ஆகியவையும் அவசியம். அவரை மாற்றுவதற்கு வேறு பாதுகாப்பான இடத்தை உறுதி செய்துகொண்ட பின்னரே நிர்வாகத்திடம் விளக்கம் கேட்பது நல்லது.

உதவி எண்கள்

• 14567: மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண், எல்டர்லைன்

• 1291: டெல்லி காவல் துறையின் மூத்த குடிமக்கள் உதவி எண்

• 15100: தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு

• 1516: டெல்லி மாநில சட்டப் பணிகள் ஆணையம்

• 1915: தேசிய நுகர்வோர் உதவி எண்

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, பெண்களும் மாற்றுத்திறனாளிகளும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம். அப்பிரிவில் தனியே குறிப்பிடப்படாத மற்றவர்களுக்கு வருமான வரம்பு பொருந்தும்.