பூனைக்காலி விதையும் நடுக்குவாதமும்

தொட்டாலே அரிப்பெடுக்கும் சுணை மூடிய காய்களைக் கொண்டது பூனைக்காலிக் கொடி. அதன் விதையிலிருந்து லெவோடோபா என்னும் வேதிப்பொருளை 1937இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் தாமோதரன், ராமசாமி இருவரும் பிரித்தெடுத்தார்கள். நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயில் மூளையில் டோபமைன் குறைந்துபோகிறது. டோபமைனை மருந்தாகக் கொடுத்தால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழைந்து, அங்கே டோபமைனாக மாறுகிறது. 1960களில் தொடங்கி இன்றுவரை இந்நோய்க்கு முதன்மை மருந்து அதுதான். ஆகவே மூலிகையில் ஒன்றுமில்லை என்று தள்ளிவிடுவது சரியல்ல.

அப்படியானால் மாத்திரையை விட்டுவிட்டு விதைப்பொடியையே சாப்பிடலாமே என்று சிலர் கேட்கலாம். 2004இல் லண்டனில் வெளியான ஓர் ஆய்வில், மாத்திரையைவிடப் பொடி விரைவாக வேலை செய்தது உண்மை. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் 8 பேர்தான். விதைக்கு விதை மருந்தின் அளவும் மாறும். மாத்திரையோடு பொடியும் சேர்ந்தால் அளவு மிஞ்சி வாந்தி, ரத்த அழுத்தக் குறைவு, கட்டுக்கடங்காத உடலசைவு வரலாம். மேலும் லெவோடோபா அறிகுறிகளைத் தணிக்குமே தவிர, நரம்பணுக்கள் அழிவதை நிறுத்துவதாக நிரூபணமில்லை. வீட்டில் யாராவது இந்தப் பொடியைச் சாப்பிட்டுவந்தால், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலோ வேறெங்கோ அவரைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.